ட்ராப்ஸ் டைட்டா இருக்குண்ணா!

வணக்கம் சொல்வதில்லை. கை கொடுப்பதும் இல்லை. பின்பக்கமாக வந்து, நம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரலை வைத்து ஓர் அமுக்கு.

"ட்ராப்ஸ் டைட்டா இருக்குண்ணா. தூக்கம் சரியில்லையா?"

தூக்கமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கழுத்தைத் திருப்ப முடிந்த காலத்தில்.

எங்கள் ஆத்தூரில் அவருக்குப் பெயர் மாஸ்டர். ஜிம்முக்குச் சொந்தக்காரர் இல்லை, சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் இல்லை. எங்களைப் போலவே மாதச் சந்தா கட்டுகிறவர். அதிலும் இரண்டு மாத பாக்கி. மாஸ்டர் என்று முதலில் கூப்பிட்டது யார் என்று விசாரித்துப் பார்த்தேன். அவராகத்தான் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் ஆளை முகத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள். மாஸ்டருக்கு முகம் தேவைப்படுவதில்லை. பரோட்டாக் கடைக்காரர் "ஃபோர்ஆர்ம் அண்ணன்". தெருத் தெருவாகச் சைக்கிள் மிதிக்கும் தபால்காரர் "காஃப் சார்". என் எண்ணைத் தன் கைபேசியில் என்ன பெயரில் வைத்திருக்கிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். "ரியர் டெல்ட் வீக்" என்று இருந்தது. தோளின் பின்பக்கத் தசை பலவீனமானவன் என்று அர்த்தம். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

ஜிம்முக்குள் இப்படி இருந்தால் காசு கட்டி வந்த பாவம் என்று பொறுத்துக்கொள்ளலாம். வெளியில்தான் தொல்லை. உலகத்தில் நடக்கும் வேலை எல்லாமே அவருக்கு உடற்பயிற்சி. அதுவும் தப்பாகச் செய்யப்படும் உடற்பயிற்சி. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் டீ ஆற்றுகிறவரிடம் போய், "எப்பவும் வலது கையையே மேல தூக்குறீங்கண்ணா, அந்த ஷோல்டர் மட்டும் ஏறிக்கிச்சு. கை மாத்தி ஆத்துங்க" என்றார். அந்த மனுஷன், பாவம், ஒருநாள் கை மாற்றி ஆற்றினார். அன்றைக்கு டீ குடித்தவர்களைவிட டீயில் குளித்தவர்கள் அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். நாலு பேர் பாடையைத் தோளில் ஏற்றும்போது என் காதோரம் ஒரு கிசுகிசுப்பு: "முன்னாடி லெஃப்ட்ல நிக்கிறாரே, அவரு ஒருத்தர்தாண்ணா வயித்த இறுக்கித் தூக்குறாரு." பெரியவர் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. தெருமுனை தாண்டியதும் அவரே போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பாதி வழியில் வலத்திலிருந்து இடத்துக்கு மாறினார். துக்கம் தாங்காமல் என்று நினைத்தோம். "ரெண்டு பக்கமும் ஈவனா ஏறணும்ல" என்றார் சுடுகாட்டில்.

புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் குடமுழுக்கு நடந்த முத்துமலை முருகன் சிலை 146 அடி. மலேசியப் பத்துமலை முருகனைவிட ஆறு அடி கூடுதல் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். கூட்டத்தோடு நாங்களும் போய் அண்ணாந்து கும்பிட்டோம். மாஸ்டர் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இங்க ரெண்டு கையோட நிக்கிறாரு. ஆறுமுகமா நின்னா தோள் பன்னெண்டு. ஒரு தோளுக்கு முன்னாடி, சைடு, பின்னாடின்னு மூணு பகுதி. பன்னெண்டு மூணு முப்பத்தாறு. வாரத்துக்கு ஏழு நாள் எப்படிண்ணா பத்தும்?" கன்னத்தில் போட்டுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஜிம் சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன் முன்பக்கமும் பின்பக்கமுமாக நிற்கிறான். மனித உடம்பில் எலும்பை அசைக்கும் தசைகள் 600-க்கு மேல்; எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். மாஸ்டர் அந்தக் கணக்குக்குள் போவதில்லை. பெரிய கூட்டங்களாகப் பிரித்து வாரத்துக்குப் பங்கு வைத்துவிட்டார். திங்கள் செஸ்ட். (திங்கட்கிழமை ஆத்தூர் முழுக்க செஸ்ட்தான், பெஞ்சுக்கு வரிசை நிற்கும்.) செவ்வாய் விங்ஸ், அதாவது அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புவரை முதுகில் விரியும் தசை. புதன் ஷோல்டர். வியாழன் ஆர்ம்ஸ். வெள்ளி, திங்களன்று விட்டுப்போன செஸ்ட். சனி வயிறு. காலுக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் லீவு.

உடம்பிலேயே பெரிய தசை நாம் உட்கார்ந்து தேய்ப்பதுதான். அடுத்ததாகத் தொடையின் முன்பக்கம் நாலு தசைக் கூட்டணி, பின்பக்கம் மூன்று. மாடிப்படி ஏறுவது, தோப்புக்கரணம் போடுவது, பஸ்ஸைத் துரத்துவது எல்லாம் இவற்றின் தயவு. ஆனால் இவை கண்ணாடியில் எடுப்பாகத் தெரிவதில்லை. கைத்தசைக்கோ மரியாதை வேறு. இத்தனைக்கும் மேல்கையின் பருமனில் பெரும்பங்கு பின்பக்கத்து ட்ரைசெப்ஸ். எல்லோரும் மடக்கிக் காட்டி முத்தம் கொடுப்பது முன்பக்கத்து பைசெப்ஸுக்கு. பாடப்புத்தகத் தமிழில் ட்ரைசெப்ஸ் முத்தலைத் தசை, பைசெப்ஸ் இருதலைத் தசை. தொடையில் இருப்பது நாற்றலை. கூட்டினால் ஒன்பது. கழுத்துக்கு மேலே இருப்பதையும் சேர்த்தால் பத்து, ராவணன் கணக்கு. அந்தப் பத்தாவதுக்கு மட்டும் எங்கள் ஜிம்மில் கருவி கிடையாது.

(மசில் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் குட்டி எலி என்று பொருளாம். தோலுக்கடியில் எலி ஓடுவதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்கள் கணுக்காலுக்கு மேலே கெண்டை மீனைப் பார்த்துக் கெண்டைக்கால் என்றார்கள். எலியைப் பார்த்தவனைவிட மீனைப் பார்த்தவன் ரசிகன் என்பது என் கட்சி.)

முட்டை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நாமக்கல் இருக்கும் தைரியத்தில் வாழ்கிறார். வெள்ளைக் கரு அவருக்கு, மஞ்சள் கரு நாய்க்கு. ஆணழகன் போட்டிக்கு அந்த நாயை அனுப்பலாம்.

ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலை வாசலில் வண்டியை நிறுத்தினோம். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மூட்டை ஒன்று 90 கிலோ. ஏற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; விலா எலும்பை எண்ணலாம். மாஸ்டர் சும்மா இருப்பாரா?

"அண்ணா, முதுக வளைக்காதீங்க. குவாட்ஸ்ல தூக்குங்க. க்ளூட்ஸ டைட் பண்ணுங்க."

"எதைங்க தம்பி?"

மாஸ்டர் தன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அது இல்லாம எப்படிங்க எந்திரிக்கறது?" என்றார் அந்த அண்ணன்.

மானம் போன இடத்தில் மீட்க வேண்டுமென்று மாஸ்டர் பெரிய ஆளை இழுத்தார். "வேலூர் சதீஷ் சிவலிங்கம் தெரியுமாண்ணா? 2014-ல கிளாஸ்கோ காமன்வெல்த்ல தங்கம். 77 கிலோ பிரிவு. ஒரு தூக்கு 149, இன்னொரு தூக்கு 179. மொத்தம் 328 கிலோ!"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். "179-ன்னா ரெண்டு மூட்டைக்கு ஒரு கிலோ கம்மி. முதுகுலயா?"

"தலைக்கு மேலண்ணா!"

"யப்பா. எத்தனை நடை?"

"நடையா? ஒரே தடவைதாண்ணா."

அவர் லாரியைப் பார்த்தார். இன்னும் பாதிகூட நிறையவில்லை. "நல்ல வேலைங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

ஆத்தூர் ராணிப்பேட்டை வரும்வரை மாஸ்டர் பேசவில்லை. பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். "பாத்தீங்களாண்ணா, அவரு எந்திரிக்கும்போது முதுகு அசையவே இல்ல. இடுப்பும் முட்டியும்தான் மடங்கி நிமிருது. முதுகுத்தண்ட ஒட்டி ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி நின்னுது. நாந்தான் சரியா பாக்காம சொல்லிட்டேன்." அவர் ஒருவரைத் திருத்தப் போய்த் தன்னைத் திருத்திக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்று அவருக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது. ஏனென்றால் என் தோள் விஷயம் இருக்கிறது. நாலு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் செஸ்ட் செய்யச் சொன்னவர் அவர். தள்ளு, தள்ளு, தள்ளு. இழுக்கும் பயிற்சி கேட்டால், "மொதல்ல செஸ்ட் வரட்டும்ணா." தோள் இரண்டும் முன்னால் குவிந்து, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கை தூக்க முடியாமல் போனது. மேல்கை எலும்பைத் தோள் குழிக்குள் பிடித்து வைக்கும் நாலு சின்னத் தசைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் வீக்கம் என்றார் டாக்டர். முன்பக்கத்தை மட்டும் ஏற்றி, பின்பக்கத்தைப் பட்டினி போட்டால் இப்படியும் ஆகும் என்றார். மூன்று வாரம் சட்டை போட மனைவி துணை. பிசியோவுக்குக் கொடுத்த காசில் ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கலாம்.

பார்க்க வந்த மாஸ்டர் கேட்டது: "எதுண்ணா, சுப்ராஸ்பைனேட்டஸா?"

ஆமாம் என்றேன். தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்டுபிடித்தது போல அந்த முகம் மலர்ந்ததே, அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "ரியர் டெல்ட் வீக்" என்று பெயர் வைத்தவர் இதே மனிதர்தான். வீக் என்று தெரிந்தே பெயராக வைத்தாரே தவிர, அதற்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கத் தோன்றவில்லை.

போன மாதம் மாஸ்டர் வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் இருந்து அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் இறக்கி வைக்கக் குனிந்தார், நிமிரவில்லை. தகவல் வந்து போனேன். பாயில் குப்புறக் கிடந்தார். அவருடைய அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கணக்கைத் தீர்க்கிற ஆசை யாருக்கு இல்லை? பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரலை நீட்டி, "எந்த மசில் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இடுப்புண்ணா" என்றார், பாயில் முகம் புதைத்தபடி.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். அம்மா எனக்கு மோர் கொண்டுவர எழுந்தார். அந்தக் காலத்து மனுஷி, தரையில் கை ஊன்றாமல் குந்தலில் இருந்து அப்படியே எழுந்தார். பாயில் இருந்து தலை மட்டும் ஒரு சாண் உயர்ந்தது.

"அம்மா, முட்டி உள்ள போகுது பாரு. வெளிய தள்ளி எந்திரி."

"நீ மொதல்ல எந்திரிடா" என்றபடி அம்மா அடுப்படிக்குப் போனார்.