ஆயில் பண்டிதர்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் பிக்கப் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் இவரைப் பார்க்கலாம். அந்த ஊரில்தான் என்றில்லை. செகண்ட் ஹேண்டில் டர்போ டீசல் பிக்கப் கைமாறும் ஊரெல்லாம் இப்படி ஒருவர் உண்டு. வண்டி வாங்கும்போது மீட்டரில் இருந்த 80,000 கிலோமீட்டரை அப்படியே நம்பியவர். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்ததைக் கவனிக்காதவர். ஆயில் விஷயத்தில் மட்டும் பெற்ற தாய் சொன்னாலும் நம்ப மாட்டார்.

காலையில் பானெட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுப்பார். நுனியில் நிற்கும் சொட்டை இரு விரலுக்கு நடுவே தேய்ப்பார், வெயிலில் காட்டுவார், மோந்து பார்ப்பார். நக்கிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

"முந்தாநாள் மாத்தின ஆயில், அதுக்குள்ள கறுத்துப்போச்சே!"

"டீசல் வண்டின்னா கறுக்கத்தாண்ணே செய்யும். கரியை இழுத்து வச்சுக்கிறதுதான் அதோட வேலையே" என்பான் பட்டறைப் பையன். அன்றோடு அவன் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

கிரேடு பார்ப்பதில் பத்துப் பொருத்தமும் பார்ப்பார். 15டபிள்யூ-40 போடுவதா, 5டபிள்யூ-30 போடுவதா? இதில் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி நகரும் என்பதற்கு. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்கள். சித்திரை வெயிலில் தார் உருகும் ரோட்டோரம் நின்றுகொண்டு அந்த மைனஸ் 30க்காக அரை மணி நேரம் வாதாடுவார். சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் ஒற்றைக்காலில் நிற்பார். அது புகை வடிகட்டி வைத்த பிஎஸ்-6 வண்டிகளுக்கானது. இவருடையதோ 2020க்கு முந்தைய பிஎஸ்-4. வடிகட்டி என்று இவர் வண்டியில் இருப்பது டீ பிளாஸ்க்கோடு வந்தது மட்டும்தான்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பதில் அவர் டேஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பேப்பர், விபூதிப் பொட்டலம், போன ஆயுத பூஜையின் எலுமிச்சம்பழம், இவற்றுக்கெல்லாம் அடியில் கம்பெனி கொடுத்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அதில் அச்சடித்தே இருக்கும். முந்தைய ஓனரும் அதைப் பிரிக்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊட்டும் பாசத்தில் மேக்ஸ் கோட்டைத் தாண்டி அரை லிட்டர் ஊற்றுவார். அது உள்ளே நுரைத்து, பிரீதர் குழாய் வழியாக மேலேறி, நீலப் புகையாக வெளியே வரும். "டர்போ போச்சு!" என்று பதறுவார். அப்போது உண்மையில் போயிருக்காது. போக வைப்பதற்கு அவரிடம் வேறு வழி இருக்கிறது.

டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் லோடோடு ஏறி வருகிறவர், டீக்கடையைக் கண்டதும் டக்கென்று சாவியைத் திருகி இன்ஜினை அணைப்பார். டீசல் மிச்சமாம்! இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நின்றது. கொதிக்கிற டர்போவுக்குள் தங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். அதற்கு மட்டும் அவருக்கு நேரமில்லை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து எந்த ஆயில் உசத்தி என்று மற்ற டிரைவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டுமே. புழுதியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டரைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட வராது.

அவர் சொல்வதில் ஒன்று மட்டும் நூற்றுக்கு நூறு சரி. காலி ஆயில் டப்பாவை முழுசாகப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். போலி ஆயில் அடைக்கிறவர்கள் தேடுவது அசல் டப்பாவைத்தான். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் போங்கள்.