பயோடேட்டாவைக் குடுடா, பேராண்டி!

நாளைக்கு ஒரகடத்துல இண்டர்வியூன்னு புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டியாம், சந்தோஷம். அந்த பயோடேட்டாவை இப்படிக் குடு. அடேங்கப்பா, 'தலைமைப் பண்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கியே! ரேஷன் கடைக்குப் போடான்னா தம்பியை அனுப்பிட்டுப் போனை நோண்டுவ. அதுவும் சரிதான், வேலை வாங்கத் தெரிஞ்சிருக்கு.

பொழுதுபோக்கு, புத்தகம் படிக்கிறதா? எந்தப் புத்தகம்னு கேட்டா மூஞ்சிய எங்கடா வச்சுக்குவ? கேப்பாங்க. பட்டெடுக்க வர்ற வெவரமான அம்மா இன்னா பண்ணுவா? ஜரிகையை நகத்தால சுரண்டிப் பாப்பா. அசல்னா உள்ளாற சிவப்புப் பட்டு நூல் தெரியும். இண்டர்வியூவுல ரெண்டாவதா ஒரு கேள்வி வரும் பாரு, அதுதான் அந்த நகம். தெரியலைன்னா 'தெரியல சார், கத்துக்கறேன்'னு சொல்லு.

இத்தனை அளந்தவன், லீவுக்கு லீவு பிள்ளையார்பாளையத்துத் தறியில ஒக்காந்ததை மட்டும் ஏன் எழுதல? வெக்கமா? கோர்வைச் சேலைக்கு ஒடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூணு. ஒத்தை ஆளால ஆகாதுன்னு உங்கப்பன் பக்கத்துல நீதான் ஒக்காந்து தள்ளின. ஒரு எழை தப்பினாலும் கரையும் ஒடம்பும் சேர்ற எடம் பல்லிளிக்கும். பிரிடான்னு அவன் கத்துவான். நீயும் மொறைக்காம பிரிச்சுத் திரும்பப் போட்டியே, அதைச் சொல்லுடா! 2022-ல ஆரம்பிச்ச 'நான் முதல்வன்' கிளாஸுக்கெல்லாம் ஒழுங்காப் போனியே, 'டீம் ஒர்க்'குன்னா அங்க வேற இன்னாத்தைச் சொன்னாங்க? சர்க்காரு 2005-06-லயே நம்ம காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்து ஊர்ப் பேரை எழுதி வச்சிருக்கு. தொரை எழுத மாட்டாராம்.

அப்புறம், கேட்டுல நிக்கிற செக்யூரிட்டிக்கும் வணக்கம் வைக்கணும். நம்ம ஊரு கடிகைங்கிற கல்விச்சாலையில படிக்க வந்த மயூரசர்மன்னு ஒருத்தன், பல்லவனோட குதிரை வீரன்கிட்ட சண்டை வந்து படிப்பை விட்டுட்டு வாளைத் தூக்கினான். கடம்ப ராஜ்யமே உண்டாச்சுன்னு கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு சொல்லுது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. இன்னிக்கு நீ அந்த ரோஷத்தைக் காட்டினா ராஜ்யமா கிடைக்கும்? திரும்பி வர்ற பஸ் டிக்கெட்டுதான்.

பத்து மணின்னு போட்டிருந்தா ஏழுக்கே வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடி. உள்ள போறதுக்கு முன்னாடி போனை அணைச்சுடு. சைலண்ட்ல போட்டா அது மேசை மேல கிர்ருன்னு உன் மானத்தை வாங்கும். கேள்வி முடியறதுக்குள்ள பதிலுக்குப் பாயாத.

சம்பளம் எவ்ளோ வேணும்னு கேப்பாங்க. அந்த வேலைக்கு வெளியில இன்னா குடுக்கறாங்கன்னு இன்னிக்கே நாலு பேரைக் கேட்டு வச்சுக்கிட்டு, தொகையை வாய் திறந்து சொல்லு. 'நீங்களே பாத்துக் குடுங்க சார்'னு மட்டும் இளிச்சுட்டு வராத. நெசவுக்காரன் காலங்காலமா அதைச் சொல்லித்தான் இந்தக் கூலியில நிக்கிறான்.