கருவேப்பிலைக்கு வந்த வாழ்வு

ஏலே தம்பி, சமையல்காரரு சாராயத்துல கை வச்சா அதுக்கு என்ன பேரு தெரியுமா? கிராஃப்ட் ஜின்னாம். இந்த நந்தனத்து மாடி வீட்டுப் பயலுவ பேசுதத கொஞ்ச நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். "மொதல்ல பைன் மரக்காட்டு வாசன, நடுவுல ஆரஞ்சுத் தோலு, கடைசியில மொளகு காரம்"ங்கான் ஒருத்தன். கண்ண வேற மூடிக்கிடுதான். சளி புடிச்சப்போ ஒங்க ஆச்சி வச்சுக் குடுத்த கசாயத்துல மொளகு இல்லையா, அதிமதுரம் இல்லையா? அப்பம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுன. இப்பம் காசு குடுத்து மோந்து பாக்க.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். விடியக்கால பதனி எறக்குததும் பாத்திருக்கேன், ராத்திரி ஓடக்கரையில அடுப்பு எரிஞ்சதும் பாத்திருக்கேன். போலீசு ஜீப்பு வாரத மொதல்ல பாத்துச் சத்தங் குடுத்தது யாருன்னு மட்டும் கேக்காத. அதனால காய்ச்சுத வித்தையில எனக்குப் புதுசா ஒண்ணுமில்ல. லேபிள்ல இருக்குத கதைதான் புதுசு.

ஒரு சங்கதி சொல்லுதேன், அசந்துராத. ஜின்னு காய்ச்சுதவன் பெரும்பாலும் சாராயம் காய்ச்சமாட்டான். பெரிய ஆலையில இருந்து 96 சதவீதம் சுத்த ஸ்பிரிட்ட வெலைக்கு வாங்கிருவான். தானியத்துல எடுத்ததோ, கரும்பாலை மொலாசஸ்ல எடுத்ததோ. அதுக்கு மணமும் கெடையாது, குணமும் கெடையாது. தண்ணி ஊத்திப் பாதியாக் கொறைப்பான். சாமானப் போட்டு ஊற வைப்பான். செம்புப் பானையில ஊத்திச் சூடேத்துவான். சாராயம் 78 டிகிரியில கொதிக்கும், தண்ணிக்கு 100 வேணும். அந்த எடைவெளியிலதான் மொத்தப் பொழப்பும் ஓடுது. ஆவி குழாய்ல ஏறி, குளுந்து, சொட்டுச் சொட்டா எறங்கும்.

என்ன சாமான்? தலைவாசல்ல நிக்குதது ஜூனிப்பர். பழம்னு சொல்லுதாவ, அது பழமில்ல. பைன் மரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தக்காரச் செடியில காய்க்குத சின்னக் கூம்பு. முத்தவே ரெண்டு மூணு வருசம் ஆகும். அந்த வாசன முன்ன நிக்கலேன்னா அத ஜின்னுன்னே விக்கக்கூடாதுன்னு ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டிருக்கான். 37.5 சதவீதத்துக்குக் கீழ போனாலும் ஆகாது. நம்ம நாட்டுப் பாட்டில்ல பொதுவா 42.8 இருக்கும்.

மத்ததெல்லாம்? கொத்தமல்லி வெத, பட்டை, மொளகு, சாதிக்கா, அதிமதுரம், எலுமிச்சத் தோலு, ஏஞ்சலிக்கான்னு ஒரு சீம வேரு. வேருக்கு மட்டுந்தான் பாஸ்போர்ட்டு வேணும். மிச்சத்துல பாதி ஒங்கம்மா அஞ்சறப் பெட்டியில கெடக்கு. பாதி மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில பொட்டலமாக் கெடைக்கும். பொட்டலத்துல வாங்குனா நாட்டு மருந்து, பாட்டில்ல வாங்குனா 'பொட்டானிக்கல்'. என்ன சொல்லுத?

அப்பம் சமையல்காரருக்கு இதுல என்ன வேலன்னு கேப்ப. கேக்கணும். கேலியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த எடத்துல நான் கும்புடு போட்டுருவேன்.

மொதல்ல எறங்குதது ஆகாது. நகப்பூச்சு நெடி அடிக்கும், மூக்கத் தொளைக்கும். அத எடுத்துத் தள்ளி வைக்கணும். பொறவு வாரதுதான் சரக்கு. அதுலயும் மொத எலுமிச்சத் தோலோட எண்ணெ தலையக் காட்டும், அடுத்து ஜூனிப்பரும் மல்லியும், கடைசியாத்தான் வேரும் பட்டையும் மெதுவா வரும். அதுக்கும் பொறவு வடிஞ்சா அவிச்ச நாத்தம். எங்க வெட்டணும்? மீட்டரு பாதி சொல்லும், மூக்குதான் மீதியச் சொல்லணும். ரசம் நொர கூடி வரும்போது எறக்கணும்லா, அதே கதைதான். ஒரு கொதி விட்டா மொளகுத் தண்ணி. ஒங்க ஆச்சி எந்த மீட்டரப் பாத்து எறக்குனா?

எலைய என்ன செய்யணும்னும் தெரியணும். மெல்லிசு எலையப் பானையில போட்டு வேக வச்சா வாசன செத்துப் போவும். அதனால சில வடிசாலையில கூடையில கட்டி மேல தொங்க விட்டுருதாவ. ஆவி மட்டும் அத ஒரசிக்கிட்டுப் போவும். தோலு சாமான அள்ளிப் போட்டாலும் வம்புதான். கடைசியில தண்ணி சேக்கும்போது எண்ணெ பிரிஞ்சு பாட்டிலே கலங்கிப் போவும். ஆக, கணக்கு இருக்கு, கைப்பக்குவம் இருக்கு. நல்ல சமையல்காரரு மூக்க வாடகைக்கு எடுத்தா தப்பில்ல.

ஆனா பேர மட்டும் வாடகைக்கு எடுத்தா? இங்கிலாந்துல ஹெஸ்டன் புளூமெந்தால்னு ஒரு பெரிய சமையல்காரரு. வெயிட்ரோஸ் கடையில அவரு பேர்ல ஒரு ஜின்னு வந்துச்சு. எர்ல் கிரே டீயும் எலுமிச்சையும் போட்டதாம். டீத்தூளப் போட்டதுக்கு அம்புட்டுப் பேச்சு. நம்ம டீக்கடை மாஸ்டரு எலுமிச்சச் சாறு பிழிஞ்சு டீ ஆத்துதாரு, அவரு பேர எவனாவது பாட்டில்ல போட்டானா?

பம்பாய்ல 'பாம்பே கேண்டீன்'னு ஒரு ஓட்டலு. கோவாவுல 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்' ஜின்னு காய்ச்சுதவங்களோட சேந்துக்கிட்டு, கொய்யாப்பழ வாசனையில ஒரு சரக்க பாட்டில்ல அடச்சாவ. 'பெர்ரி ரோடு பெரு'ன்னு பேரு. ஏலே, பள்ளிக்கூட வாசல்ல கொய்யாவ நாலாக் கீறி மொளகாப் பொடி தடவி விப்பாவளே, அத நீ தின்னதே இல்லையா? ஆனா அந்தக் கோவாக்காரங்க ஒரு காரியம் செஞ்சாவ. காய்ச்சத் தேவையான எலுமிச்சத் தோலச் சீவிக்கிட்டு, மிச்சப் பழத்தத் தூரக் கொட்டாம உள்ளூர்ப் பொம்பளையாளுக கையில குடுத்து ஊறுகா போட வச்சாவ. விருது வாங்குன ஜின்னு அது. என்னையக் கேட்டா விருத ஊறுகாய்க்குக் குடுத்திருப்பேன்.

இன்னொரு கூத்து. மேகாலயாவுல 'சிரபுஞ்சி'ன்னு ஒரு ஜின்னு, மழத்தண்ணியப் புடிச்சுச் செய்யுததாம். 2003ல நம்ம சென்னையில வீட்டுக்கு வீடு மழநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கம் நெருக்குனப்போ ஒங்க அப்பன் எப்பிடி மொனங்குனான்னு எனக்குத் தெரியும். இப்பம் அதே மழ பாட்டில்ல வந்தா, வெல பாக்காம வாங்குவான்.

ஒனக்குத் தெரியவேண்டியது கொழும்புக்காரன் கதை. ராக்லேண்டுன்னு அங்க ஒரு வடிசாலை, 1924ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலக யுத்தம் வந்துச்சு. கப்பல் வரத்து நின்னு போச்சு. ஜின்னுக்கு வேண்டிய சீமச் சாமான் கெடைக்கல. நடத்திக்கிட்டிருந்த காரல் டி சில்வா விஜேரத்ன என்ன செஞ்சாரு? தலையில கை வச்சுக்கிட்டா உக்காந்தாரு? சுங்கத் துறைக்கு மனு போட்டாரு. உள்ளூர்ச் சரக்கச் சேத்துக்கிட அனுமதி குடுங்கன்னாரு. கறுவாப் பட்டை, இஞ்சி, கருவேப்பிலை. இப்பமும் 'கொழும்பு நம்பர் 7'ன்னு அந்த ஜின்ன விக்காவ. கொழும்பு 7ன்னா கறுவாத்தோட்டம் வட்டாரம். உள்ள போடுத சாமானும் ஏழு. குழம்புல ஒதுக்கி வைக்கியே ஒரு எலை, அது லண்டன் வரைக்கும் போயி ஒக்காந்திருக்கு. அந்த மனுசன் புதுமை பண்ணணும்னு செய்யல. இல்லாத கொறைக்குச் செஞ்சாரு. இப்பம் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி நடிச்சு, ஒத்தக் கருவேப்பிலைக்கு ஒரு பக்கம் கத எழுதுதாவ.

ஜின்னுல ஊத்திக்கிடுதியே கசப்புத் தண்ணி, டானிக், அதுக்கும் நம்ம மலைக்கும் தொடுப்பு உண்டு. கசப்பு கொயினாவோடது. கொயினா சின்கோனாப் பட்டையில இருந்து வாரது. 1860கள்ல வெள்ளக்காரன் தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் அந்த மரத்தக் கொண்டாந்து நட்டான். மலேரியாக் காச்சலுக்கு மருந்து. துரைமாருக்குக் கசப்பு தொண்டையில எறங்கல, ஜின்ன ஊத்தி எறக்குனாவங்காவ. காச்சல் மருந்த ஐஸ் போட்டு, வெள்ளரிக்காய ஓரத்துல சொருகிக் குடிக்கது இப்பம் அந்தஸ்து. அந்தஸ்துன்ன ஒடனே ஞாவகம் வருது, லண்டன்ல ஒரு காலத்துல ஏழைபாழை குடிச்சு அழிஞ்ச சரக்கு இது. 1736லயும் 1751லயும் சட்டம் போட்டு அடக்க வேண்டியிருந்துச்சு.

புதுசா வடிசாலை தொறக்குதவன் ஏன் மொதல்ல ஜின்னுல எறங்குதான்னு யோசிச்சியா? விஸ்கின்னா மரப்பீப்பாயில வருசக் கணக்கா அடைகாக்கணும். ஜின்ன இன்னைக்குக் காய்ச்சி சீக்கிரமே வித்துரலாம். பேங்குக்காரன் வட்டிக்கு வாய தொறந்துக்கிட்டு நிப்பாம்லா. இந்தக் காரணத்த எந்த லேபிள்லயாவது எழுதியிருக்கானா பாரு.

கடைசியா ஒண்ணு. இதுல வெளாட்டு இல்ல. யூடியூப்பப் பாத்துட்டு, "தாத்தா, பழைய குக்கர் இருக்கா, செம்புக் குழாய் இருக்கா"ன்னு வந்து நிக்காத. 1937ம் வருசத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு. வீட்டுல காய்ச்சுனா ஜின்னும் கள்ளச்சாராயந்தான், கருவேப்பிலை போட்டாலும் அப்படித்தான். 2024ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்தத குடிச்சு அறுவது பேருக்கு மேல செத்தாவ. வெசத்துக்குக் கிராஃப்ட்டும் தெரியாது, நாட்டுச் சரக்கும் தெரியாது.

குடிக்காம இருந்தா ஒனக்கும் நல்லது, ஒங்கம்மாவுக்கும் நிம்மதி. வாங்கித்தான் தீருவேன்னா, பாட்டில் முன்பக்கத்துக் கவிதையப் படிக்காத. பின்னால திருப்பிப் பாரு. யாரு காய்ச்சுனான், எங்க காய்ச்சுனான், எத்தன சதவீதம், அம்புட்டுத்தான் விசயம். சமையல்காரரு போட்டோவப் பாத்து ஏமாறாத, அவரு வந்து ஒனக்குத் தொட்டுக்க ஒண்ணும் பொரிச்சுத் தரப்போறதில்ல. நம்ம ஊரு டாஸ்மாக் மத்தியானம் பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பான். அதுவரைக்கும் செய்யதுக்கு ஏதாவது வேல இருக்கான்னு பாரு.