எத்தனை மணி

காலை நடையில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரை, மூட்டுவலி, பென்ஷன் எல்லாம் முடிந்து பேச்சு எப்படியும் நாயில் வந்து நிற்கும். வந்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் நானேதான், "அந்தக் காலத்து நாய்க்கு ஒரு சீக்கு வந்து பார்த்திருக்கீங்களா சார்?" என்று ஆரம்பிப்பது வழக்கம். எல்லோரும் தலையாட்டுவார்கள். தடுப்பூசி தெரியாது, டானிக் தெரியாது, மீந்த சோற்றைத் தின்றுவிட்டு வாசலில் கல்லுப்பிள்ளையாராகக் கிடந்த அந்த நாய்கள் எங்கே, மருமகள் மடியில் உட்கார்ந்து கண்ணுக்குச் சொட்டுமருந்து போட்டுக்கொள்கிற இந்த நாய்கள் எங்கே! உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அந்த ஊர் வெள்ளை நாய் 2005-இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. எங்களுக்கு அது எட்டாத ஜமீன் சமாச்சாரம். எங்கள் வீட்டில் இருந்தது மணி. வளர்த்தோம் என்று சொல்வதுகூட அதிகம், அவனாக வந்து திண்ணைக்குக் கீழே படுத்துக்கொண்டான், யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் அவன் கால் வைத்தது முனிசிபாலிட்டிக்காரர்கள் நாய் பிடிக்க வண்டியோடு வருகிற நாட்களில் மட்டும். அன்றைக்குப் பாட்டி ஆசாரத்தை ஒருபக்கம் தள்ளிவிட்டு அவனைக் கொல்லைவரை விடுவாள், போனதும் வழிநெடுகத் தண்ணீர் தெளிப்பாள்.

கோடை விடுமுறை மதியங்களில் பெரியவர்கள் தூங்கிய பிறகு நானும் அக்காவும் வைத்தியர்களாகிவிடுவோம். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பக்கத்தில் மணி. காது மடலுக்குள்ளே, கால்விரல் இடுக்கில், கழுத்து மடிப்பில் என்று உண்ணியைத் தேடித் தேடிப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடவேண்டும். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பியவை கிடைத்தால் மதிப்பு அதிகம். அவற்றைக் கல்லில் வைத்து நசுக்கும் உரிமைக்காக நானும் அக்காவும் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. நசுக்கவே கூடாதாம், இப்போது சொல்கிறார்கள். மணி கண்ணை மூடி, காதைக் கொடுத்துவிட்டுக் கிடப்பான். உண்ணி அதிகமானால் அப்பா கமாக்சின் பவுடரைத் தூவுவார். அதே பவுடர்தான் எறும்புக்கும், கரப்பானுக்கும். 1997-இல் அதை அரசாங்கம் தடை செய்தபோது நான் நினைத்துக்கொண்டது, மணி அதை நக்கிக்கொண்டே வாழ்ந்தானே என்று.

இன்றைக்கு என் மகன் வீட்டில் இருக்கிற ஜூனோ, லாப்ரடார், பெண். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஸ்கட் ருசியில் ஒரு மாத்திரை தின்கிறாள். மருந்து ரத்தத்தில் ஓடுகிறது. கடிக்கிற உண்ணி கடித்த இடத்திலேயே சாகிறது. மதியத்தில் நான் அவள் காதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது என்று சொன்னால் பேத்தி என்னைத் தொலைத்துவிடுவாள்.

அந்த மாத்திரை எதற்கு என்று டாக்டர் விளக்கிய அன்றுதான் வினை தொடங்கியது. உண்ணி ரத்தத்தைக் குடிப்பதோடு போவதில்லை, எர்லிக்கியா, பபேசியா என்று கிருமிகளை உள்ளே இறக்கிவிட்டுப் போகிறது. ஒன்றில் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடியும், இன்னொன்றில் சிவப்பணுக்கள் உடைந்து ஈறு வெளுத்துப்போகும் என்றார். மூக்கில் ரத்தம் என்றதும் எனக்கு எதுவோ இடறியது. ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு, "நம்ம மணிக்கு மூக்குல ரத்தம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்த மணியக் கேக்குற தம்பி?" என்றாள் அக்கா.

எந்த மணியா? எனக்குத் தெரிந்து ஒரே மணிதான், நான் அரைடிரவுசர் போட்ட நாள் முதல் கல்லூரிக்குப் போனது வரைக்கும் திண்ணைக்குக் கீழே கிடந்தவன். அக்காவோ அந்தக் காலத்தையெல்லாம் முந்தாநாள் மாதிரி வைத்திருக்கிறவள். மூக்கில் ரத்தம் வந்தது செவலை மணி. வெயில் சூடு என்று பாட்டி தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள், நாலாம் நாள் போய்விட்டான். அதற்கு முந்தின மணி கருப்பு. கண்ணில் பீளை தள்ளி, உள்ளங்கால் தோல் தடித்து, வாய் தானாக மென்றுகொண்டே இருக்கும், பிறகு வலிப்பு. வெறி பிடித்துவிட்டதென்று தெருக்காரர்கள் கம்பை எடுத்தார்கள். இப்போது நினைத்தால் அது டிஸ்டெம்பர். வெறிக்கும் அதற்கும் வித்தியாசம் பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொறுமையும் இல்லை, தெரியவும் தெரியாது. கடைசி மணி குட்டியாக வந்தவன், ரத்தமும் வயிற்றோட்டமுமாய் மோர் கொடுத்தும் நிற்காமல் ஒரே வாரத்தில் ஓய்ந்தான். பார்வோ வைரஸ் 1978-இல்தான் உலகத்துக்கே தெரியவந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊருக்குப் பஸ் பிடித்து வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஒவ்வொரு தடவையும் அப்பா எங்கிருந்தோ இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார். "மணி!" என்று கூப்பிட்டதும் அதுவும் வாலாட்டும். சீக்கே வராத அந்தக் காலத்து நாய் எப்படி உருவானது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. காலை நடையில் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வைத்தியமே பார்க்காமல் இல்லை. மாட்டாஸ்பத்திரி இருந்தது. மாடு, எருமை, ஆடு, கடைசியில் கோழியும் போன பிறகு கம்பவுண்டர் நாயை நிமிர்ந்து பார்ப்பார். சொறி வந்தால் லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசினோம். நாய் இரண்டு நாள் புது அம்பாஸடர் போலப் பளபளத்தது, நக்கி நக்கி வாந்தியும் எடுத்தது.

வெறிநாய்க்கடிதான் நிஜமான பயம். சைவத்தில் ஊறிய எங்கள் மாமாவை ஒரு நாய் கணுக்காலில் பிடித்தபோது ஆளாளுக்கு மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று அப்பினார்கள். சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவு என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தொப்புளைச் சுற்றி 14 ஊசி. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. அந்த விவரத்தை மட்டும் மாமாவிடம் கடைசிவரை மறைத்தார்கள். எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது: கடித்த நாய் உயிரோடு இருக்கிறதா என்று பத்து நாள் பார்த்துவந்து சொல்வது. ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் போகவில்லை, ஆனால் அந்த நாயின் அன்றாடம் முழுதும் எனக்கு மனப்பாடம். பத்தாம் நாளும் அது டீக்கடை வாசலில் நின்று பொறை தின்றுகொண்டிருந்தது, மாமா பிழைத்தார். அந்த ஆட்டு மூளை மருந்து 2005 வாக்கில் நாட்டிலேயே நின்றுபோனது. இன்றைக்குத் தோள்பட்டையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. ஜூனோவுக்கு வருஷத்துக்கு ஒன்று, அவள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டுப் பட்டியல்தான் எனக்குப் பிடிபடவில்லை. வெங்காயம் ஆகாது, ரத்த அணுவை உடைக்கும். சாக்லேட் ஆகாது. திராட்சை ஆகாது, சிறுநீரகம் போகும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று இப்போது சந்தேகிக்கிறார்களாம், அந்த அமிலம் புளியிலும் உண்டு. புளியா! மணிகள் அத்தனை பேரும் ரசத்தில் வளர்ந்தவர்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்று அதற்கும் தடை. சரி, இதையெல்லாம் ஒழித்து, பையில் வருகிற உருண்டைகளை அளந்து போட்டால் நாய் மெலியும் என்றாவது பார்த்தால், ஜூனோவின் பிரச்சினையே எடைதான். மணியின் விலா எலும்பைத் தெருமுனையிலிருந்தே எண்ணலாம். ஜூனோவின் விலாவை டாக்டர் விரலால் அழுத்தித் தேடினார், கிடைக்கவில்லை. "யார் இட்லி குடுக்கறது?" என்றார். வீடே என்னைப் பார்த்தது.

தெருவில் ஓடினால் எடை குறையும். ஆனால் தெருவில் உண்ணி, பார்வோ, வேகமாக வருகிற ஸ்கூட்டர், எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் எல்லாம் இருப்பதால், பத்து நிமிஷம் பட்டியில் பிடித்து நடத்திவிட்டு, கால்களைத் துடைத்து உள்ளே ஏற்றிக்கொள்கிறோம். மீதி நேரம் அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து மூச்சு விடுகிறாள். தனியாக விட்டால் சோபாவைக் கடிப்பது ஒருவகை மனப்பதற்றமாம், அதற்கும் மாத்திரை இருக்கிறது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவிப்பு வந்தபோது நானும் உடன் போயிருந்தேன். அரிசி மணியளவு சிப் ஒன்றை ஊசியால் தோளுக்கு மேலே தோலுக்கடியில் செலுத்தினார்கள். கருவியை மேலே காட்டினால் பதினைந்து இலக்க எண் வருகிறது, உலகத்தில் வேறு எந்த நாய்க்கும் இல்லாத எண்.

"பேரு?" என்றார் படிவம் நிரப்புகிறவர்.

"ஜூனோ" என்றாள் பேத்தி.

"மணி" என்றாள் என் மனைவி, அதே நேரத்தில். அவள் வீட்டிலும் ஒரு மணி இருந்திருக்கிறான்.

படிவக்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜூனோ மேஜை மேலிருந்த பிஸ்கட் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.