அந்தப் பட்டைய ஏம்லே ஒளிக்கணும்?

எய்யா ராசா, போன்ல சத்தத்தக் கூட்டுனாலும் கொறைச்சாலும் ஓரத்துல ஒரு பட்டை வந்து நிக்குதாம். அது கண்ணுல படாம ஒளிச்சு வைக்க வழி சொல்லணுமாம். "தாத்தா, நீங்கதான் சொல்லணும்"னு பல்ல இளிச்சுக்கிட்டு வந்து நிக்குத. சொல்லுதேன். இந்த வேப்பமரத்தடியில எனக்கு வேற என்ன சோலி கெடக்கு? பக்கத்துல செல்போன் சர்வீஸ் கடை. அந்தப் பய வேலை பாக்கையில தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பான், நான் காதக் குடுத்துக்கிட்டே இருப்பேன். படிக்காமலே பட்டம் வாங்குன கூட்டம்லே நாங்க.

ஆனா ஒரு சந்தேகம். மத்தியானம் நீ தின்ன பிரியாணிய ஸ்டேட்டஸ்ல போட்டு ஊருக்கே காட்டுத. நடுராத்திரி வரைக்கும் ஆன்லைன்ல கெடக்கது ஒங்க அத்தை வரைக்கும் தெரியும். போன் லாக்கு ஒன் பிறந்த வருசம், அத வீதியில போற பிள்ளைகூடச் சொல்லும். ஒளிக்க வேண்டியது அத்தனையும் தொறந்து கெடக்கு, சத்தம் எவ்வளவுன்னு காட்டுத பட்டை மட்டும் ரகசியமாப் போச்சாக்கும்?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. ஒன் வயித்தெரிச்சல் புதுசும் இல்ல. ஐபோன்காரன் வருசக்கணக்கா திரைக்கு நட்டநடுவுல ஒரு பெரிய சதுரத்தக் காட்டிக்கிட்டு இருந்தான். படத்துல கதாநாயகி அழுத நேரம் பாத்துச் சத்தத்தக் கூட்டுனா அழுத மூஞ்சி தெரியாது, ஸ்பீக்கர் படந்தான் தெரியும். அம்புட்டு பேரும் திட்டித் தீத்தபெறவு 2019-ல, ஐஓஎஸ் 13 வந்தப்பதான் அத ஓரத்துக்கு ஒதுக்குனான். ஆண்ட்ராய்டுல மேல படுத்துக் கெடந்த பட்டைய, 2018-ல ஆண்ட்ராய்டு 9 வந்தப்ப, பொத்தானுக்குப் பக்கத்துல நட்டுக்குத்தலா நிறுத்துனாங்க. எடத்த மாத்துனாங்களே ஒழிய, அத மொத்தமா மூடுததுக்குன்னு செட்டிங்ஸ்ல ஒரு சுவிட்ச் கூகுள் வைக்கல. தேடித் தேடிக் கண்ணக் கெடுத்துக்கிடாத.

இப்ப ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. பட்டை வந்து தானாப் போயிருதா, இல்ல வந்து ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குதா? ஏன்னா, ஆண்ட்ராய்டுல அது தங்குத நேரமே 3 நொடிதான். நீ கொட்டாவி விட்டு முடிக்கதுக்குள்ள போயிரும். அந்த 3 நொடிக்காகவா இந்த வெயில்ல வந்த?

போக மாட்டேங்குதா? அப்பிடிச் சொல்லு. அப்பம் ஒளிக்கது வைத்தியம் இல்ல. மொதல்ல அந்தக் கவரக் கழத்து. பஸ் ஸ்டாண்டுல பேரம் பேசி வாங்குனது, ஒன் போனுக்குன்னு செஞ்சதே இல்ல. "இதுவும் சேரும்"னு கடைக்காரன் சொல்லிருப்பான், நீயும் தலையாட்டிருப்ப. கவர்ல பொத்தானுக்கு நேரா ஒரு மேடு இருக்கும் பாரு, அது ஒரு நூல் தள்ளி இருந்தாப் போதும், உள்ள இருக்க பொத்தான ராவும் பகலும் அமுக்கிக்கிட்டே இருக்கும். கவரக் கழத்துனதும் பட்டை மறைஞ்சு போச்சுன்னா, ஒன் நோய் அந்தக் கவருதான்.

கழத்தியும் போகலேன்னா, பெருவிரல் நகத்தால பொத்தான மேலயும் கீழயும் தனித்தனியா அமுக்கிப் பாரு. நல்ல பொத்தான்னா 'டக்'குன்னு உள்ள போயி 'டக்'குன்னு வெளிய வரும். மெத்துன்னு போயி பைய வந்தா, சந்துல வேர்வையும் பவுடரும் சட்டைப்பை நூலும் சேந்து அப்பிக் கெடக்குன்னு அர்த்தம். சர்வீஸ் கடைப் பய செய்யுததப் பாத்திருக்கேன். போன அணைச்சுட்டு, காஞ்ச மெத்துப் பிரஸ்ஸால சந்து நெடுக ஒரு இழுப்பு. வந்த அழுக்க ஊதித் தள்ளிட்டு, காது குடையுத பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, சொட்டுன்னா சொட்டுதான், தொட்டு ஓரத்துல மட்டும் தடவுவான். பெறவு பொத்தான நாலு தடவ அமுக்கி விடுவான், காய விடுவான், அம்புட்டுதான். தேங்காண்ணெ விடுதது, மண்ணெண்ண விடுதது எல்லாம் கதவு கீலுக்கு, போனுக்கு இல்ல. அதையும் ஒருத்தன் செஞ்சு கொண்டாந்தான், அந்தப் போன் இப்பம் அவன் மவனுக்கு வெளையாட்டுச் சாமான்.

பொத்தான் அமுங்கிக் கெடக்குன்னு கண்டுபிடிக்க வேற தடயமும் உண்டு. கேலரியத் தொறந்து பாரு. நீ எடுக்காத ஸ்கிரீன்ஷாட்டா நெறஞ்சு கெடக்கா? பவர் பொத்தானும் கீழ்ப் பொத்தானும் சேந்து அமுங்குனா ஸ்கிரீன்ஷாட் விழும். கீழ்ப் பொத்தான் தானா அமுங்குத நேரம் பாத்து நீ பவர அமுக்குத, கணக்கு சரியா? சத்தப் பொத்தான் ரெண்டையும் சேத்துக் கொஞ்ச நேரம் அமுக்கினா, பல போன்ல கண்ணு தெரியாதவங்களுக்குத் திரைய வாசிச்சுச் சொல்லுத டாக்பேக் வந்துரும். அது வந்தா நீ தொடுததெல்லாம் ஒரு அம்மா வாசிப்பா. பேய் பிடிச்சிருச்சுன்னு ஓடாத.

பொத்தான்ல கோளாறு இல்ல, ஆனாலும் பட்டை ரொம்ப நேரம் நிக்குதா? அப்பம் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள போயி 'டைம் டு டேக் ஆக்ஷன்'னு இருக்கான்னு பாரு. வெரசாப் படிக்க முடியாதவங்களுக்கும் கை நடுங்குதவங்களுக்கும், தானா மறையுத சங்கதியெல்லாம் கொஞ்சம் தங்கிப் போகட்டும்னு வச்ச ஏற்பாடு. 10 நொடியில இருந்து 2 நிமிசம் வரைக்கும் வைக்கலாம். பட்டையும் அதுக்குக் கட்டுப்படும். வீட்டுல யாரோ ஒரு அதிபுத்திசாலி நோண்டி 2 நிமிசம்னு வச்சிருப்பான். அந்த அதிபுத்திசாலி யாருன்னு நான் கேக்கல. ஒன் காது ஏன் செவக்குது?

இனி, 3 நொடியும் வரப்படாது, வீடியோவுக்குத் திரைய ரெக்கார்டு பண்ணுதேன், நடுவுல பட்டை வந்தா அசிங்கமா இருக்குன்னு சொன்னா, அது ஞாயம். அதுக்கு மொத வழி, ரெக்கார்டு பண்ணுததுக்கு முன்னாலயே சத்தத்தச் சரி பண்ணிக்கிடுதது. சிரிக்காத. இதுக்குக் காசு கெடையாது, ஆப்பு கெடையாது.

அடுத்த வழி புரியணும்னா கொஞ்சம் உள்ள போகணும். சத்தத்த மாத்துத சோலி வேற, பட்டையக் காட்டுத சோலி வேற. ஒரு ஆப்பு போன்கிட்ட "சத்தத்த இம்புட்டுல வையி"ன்னு உத்தரவு போடும்போதே "பட்டையக் காட்டு"ன்னு ஒரு குறிப்பச் சேத்தும் அனுப்பலாம், சேக்காமலும் அனுப்பலாம். நீ பொத்தான அமுக்கும்போது போன் தானாவே அந்தக் குறிப்பச் சேத்துக்கிடுது, அதான் பட்டை வருது. டாஸ்கர்னு ஒரு ஆப்பு இருக்கு, துட்டு குடுத்து வாங்கணும். அதுல மீடியா வால்யூம்னு ஒரு வேலையச் சேக்கும்போது 'டிஸ்ப்ளே'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அத டிக் பண்ணாம விட்டா, சத்தம் மாறும், பட்டை வராது. கம்ப்யூட்டர்ல ஒயர மாட்டி ஏடிபி கட்டளை போடுத பயலுகளும் இதே வித்தையத்தான் செய்யுதாங்க; கட்டளையில 'ஷோ'வ விட்டுட்டா போன் வாயத் தொறக்காது.

இன்னொரு சங்கதி. எந்த ஆப்பு பொத்தான தானே வாங்கிக்கிடுதோ, அங்கன பட்டை வராது. கேமராவுல சத்தப் பொத்தான அமுக்குனா போட்டோ விழுதே, பட்டை வருதா? சில புத்தக ஆப்புல அதே பொத்தான் பக்கத்தத் திருப்புது, அப்பவும் வராது.

ப்ளூடூத் இயர்போன்காரன்னா இன்னொரு குறுக்கு வழி. பில்ட் நம்பர 7 தடவ தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தொறக்கும். அதுல 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்'னு ஒண்ணு. அத ஆன் பண்ணா இயர்போன் சத்தம் தனி, போன் சத்தம் தனின்னு பாகம் பிரிஞ்சுரும். பெறவு இயர்போன்ல இருக்க பொத்தான அமுக்குனா போனுக்குச் சேதி போகாது, பட்டையும் வராது. ஆனா பாகம் பிரிஞ்சதும் ஒரு பக்கம் சத்தம் எக்குத்தப்பா ஏறிக் கெடந்தாலும் கெடக்கும். காதுல மாட்டுததுக்கு முன்னால கொறைச்சு வையி.

இம்புட்டு வழி இருக்கையில நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். பட்டைய ஒளிக்கேன்னு சொல்லுத பேரு தெரியாத ஒரு ஆப்ப எறக்குவ. அது மொத வேலையா ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேக்கும். கேக்காம இருக்கவும் முடியாது. பொத்தான் அமுங்குதத போனுக்கு முன்னால தான் பிடிக்கணும்னா அதுக்கு அந்த அனுமதி வேணும். ஆனா அதே அனுமதி இருந்தா திரையில இருக்கத வாசிக்கலாம், ஒனக்குப் பதிலா பொத்தான அமுக்கலாம், ஓடிபி வந்தா அதையும் பாத்துக்கிடலாம். செவத்துக்கு வெள்ளையடிக்க வந்தவன்கிட்ட பீரோ சாவியக் குடுத்துட்டு, "பாத்து அடிங்கண்ணே"ன்னு டீ வாங்கப் போன கதையாப் போயிரும்.

இந்தக் கூத்தப் பாத்துட்டுத்தான் 2022-ல, ஆண்ட்ராய்டு 13-ல, பிளே ஸ்டோருக்கு வெளிய இருந்து எறக்குன ஆப்புக்கு இந்த அனுமதிய லேசுல குடுக்க முடியாதபடி ஒரு தட்டி வச்சாங்க. அந்தத் தட்டிய எப்பிடி நவுத்துததுன்னு ஒரு வீடியோ இருக்கும், அதையும் நீ முழுசாப் பாத்து லைக்கும் போடுவ. பாடப் பொஸ்தகத்த அப்பிடி ஒரு நாளாவது பாத்திருந்தா ஒங்க அப்பன் இன்னைக்குச் சிரிச்ச மூஞ்சியா இருப்பான். எல்லா ஆப்பும் களவாணி ஆப்புன்னு நான் சொல்லல. பட்டைய அழகா மாத்தித் தர நல்ல ஆப்பும் பிளே ஸ்டோர்ல இருக்கு. யாரு செஞ்சது, எத்தன வருசமா இருக்கு, என்ன கேக்குதுன்னு பாத்துட்டு எறக்கு. போன ரூட் பண்ணி உள்ளயே வெட்டி எறியுதேன்னு மட்டும் கெளம்பாத. பேங்க் ஆப்பும் யூபிஐ ஆப்பும் பலது ரூட் பண்ண போன்ல ஓட மாட்டேன்னு சொல்லிரும். பெறவு டீக்கடையில ஸ்கேன் பண்ண முடியாம, "தாத்தா ஒரு பத்து ரூவா"ன்னு என்கிட்டதான் வருவ.

இம்புட்டும் சொல்லிட்டு அந்தப் பட்டைக்கும் ரெண்டு வார்த்த பேசலேன்னா பாவம். அது என்ன செய்யுதுன்னு ஒனக்குத் தெரியுமா? போன்ல சத்தம் ஒண்ணு இல்லலே. பாட்டுக்கு ஒண்ணு, மணிக்கு ஒண்ணு, அலாரத்துக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணு. கூகுள் கணக்குப்படி பாட்டுச் சத்தத்துக்கு 15 படி, மணிச் சத்தத்துக்கு 7 படி. போன் செய்யுத கம்பெனிக்காரங்க கூட்டிக் கொறைச்சுக்கிடுவாங்க. ஆண்ட்ராய்டு 9-க்கு முன்னால, பாட்டு ஓடாத நேரத்துல பொத்தான அமுக்குனா மணிச் சத்தம் கொறையும். 9-ல இருந்து பாட்டுச் சத்தந்தான் கொறையும். எதக் கொறைக்கன்னு சொல்லுதது அந்தப் பட்டையில இருக்க சின்னப் படம் மட்டுந்தான்.

போன மாசம் வாத்தியார் வீட்டுத் துட்டிக்கு ஒருத்தர் வந்தாரு. வெள்ளையுஞ் சொள்ளையுமா, நெத்தியில திருநீறு, சட்டைப்பையில போன். வாசல்ல செருப்பக் கழத்தையிலயே, பைக்குள்ள கையவிட்டு, பாக்காமலே கீழ்ப் பொத்தான அடி வரைக்கும் அமுக்குனாரு. போன் அமந்துருச்சுன்னு அவரு நெனப்பு. அமந்தது பாட்டுச் சத்தம். நீர்மால எடுக்கப் பொம்பளைக கெளம்புத நேரம், சங்கு ஊதி நிறுத்துன அந்த ஒரு கணத்துல, சட்டைப்பைக்குள்ள இருந்து போன் மணி குத்துப்பாட்டா எழும்புச்சு பாரு. அவரு பதறித் தடவத் தடவப் பொத்தான் கையில ஆப்படல, போன் பையில தலைகீழாச் சிக்கிக்கிட்டு வெளிய வரவும் மாட்டேங்குது. சின்னப் பய ஒருத்தன் தாளத்துக்குத் தலையாட்டிட்டான். வாத்தியார் சம்சாரமே முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா. அழுதாளா சிரிச்சாளான்னு நான் கேக்கல. வெளிய எடுத்து, பட்டையப் பாத்து, மேல இருக்க மணிப் படத்தத் தொட்டு சைலன்ட்ல வச்சிருந்தா முடிஞ்சு போற சோலி. அவராவது பட்டையப் பாக்காம விட்டாரு. நீ பட்டையே வேண்டாங்குத.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 80 டெசிபெல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 டெசிபெல்னா 4 மணி நேரத்தோட நிறுத்துன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. பல போன்ல இயர்போன் மாட்டிச் சத்தத்த ஏத்துனா ஒரு எச்சரிக்கையும் வரும். நீ அதையும் படிக்காம ஓகே அமுக்குத ஆளு. ஒனக்கு இருக்க ஒரே சாட்சி அந்தப் பட்டை, அது எம்புட்டு ஒசரம் ஏறி நிக்குன்னு ஒரு பார்வை பாத்தா என்ன கொறைஞ்சு போச்சு?

ஒளிச்சுத்தான் ஆகணும்னா ரெக்கார்டு பண்ணுத நேரத்துக்கு மட்டும் ஒளி. பேசிக்கிட்டு இருக்கையிலயே போன நோண்டுதியே, நல்லதாப் போச்சு, அப்பிடியே செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டியத் தொற. டவுன்லோடட் ஆப்ஸ், இல்லேன்னா இன்ஸ்டால்டு ஆப்ஸ்னு ஒரு எடம் இருக்கும். அதுல ஒனக்கு இன்னதுன்னு தெரியாத பேரு எது ஆன்ல கெடக்கோ, அத இங்கன நிக்கும்போதே ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போ.