ஆர்.டி.ஐ. சார்

சென்னையில் வார்டுகள் 200. வார்டுக்கு ஓர் ஆர்.டி.ஐ. சாராவது நிச்சயம் உண்டு. மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்ட ஃபைல், அதற்குள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எப்போதும் கையிருப்பு. காலை வாக்கிங்கில் மற்றவர்கள் நடந்த தூரத்தை அளப்பார்கள். இவர் புது ரோட்டின் கனத்தை அளப்பார், குடை நுனியால்.

"ஏம்ப்பா, இது சுரண்டிட்டுப் போட்ட ரோடா, மேலயே போட்ட ரோடா?"

பால்காரருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கேள்வி நியாயமானது. ரோட்டின் மேல் ரோடு போட்டு வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டதால், பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவின் நகல் சாரின் ஃபைலில் இருக்கிறது. ஒப்பந்ததாரரிடம் இருக்கிறதா என்பதுதான் அன்று மாலை அவர் அனுப்பும் மனு.

எதற்காகத் தகவல் வேண்டும் என்று மனுதாரர் சொல்ல வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு அப்படி. சாருக்கு அந்தப் பிரிவின் மேல் தனிப் பிரியம். வட்டார அலுவலகத்திலிருந்து யாராவது போன் செய்து, "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டால் அன்று அவருக்குத் தீபாவளி. ஊருக்கெல்லாம் ராகுகாலம், எமகண்டம். அவருடைய காலண்டரில் வட்டமிடப்படுவது முப்பதாம் நாள் மட்டும். அதற்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. வந்துவிட்டால், அதுவும் முழுசாக வந்துவிட்டால், முகம் வாடிவிடும்.

நல்லவேளை, அப்படி அடிக்கடி நேர்வதில்லை. "தங்கள் மனு 6(3) பிரிவின்படி குடிநீர் வாரியத்துக்கு மாற்றப்பட்டது" என்று மாநகராட்சி எழுதும். சாலை மாநகராட்சியுடையது என்று வாரியம் எழுதும். பள்ளம் மட்டும் யார் பேரிலும் இல்லாமல் தெருவில் கிடக்கும்.

2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. சாருக்கு அது பொற்காலம். குப்பை, கொசு, தெருவிளக்கு எல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வந்தன. மாநகராட்சியின் உதவி எண்ணான 1913க்கு அவர்தான் போன் போடுவார். மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை திறந்த வருடமும் 1913 என்பதைப் புகார் எண்ணுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லியும் விடுவார்.

2025இல் அஞ்சல் துறை, அவர் மனுக்களைச் சுமந்த பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்தபோது, நெருங்கிய சொந்தம் போனதுபோல் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

இத்தனைக்கும் அவருக்கு வேலையே இல்லாமல் செய்திருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தை 1997இலேயே இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. அதில் விலக்குகள் மலிந்திருந்தன என்பது வேறு கதை. 2005இன் மத்தியச் சட்டமோ, யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் தன் விவரங்களை வெளியிட வேண்டும் என்று நான்காம் பிரிவில் சொல்கிறது. எந்த வேலை, எவ்வளவு ரூபாய், யார் ஒப்பந்ததாரர் என்று தெருமுனையில் ஒரு போர்டு வைத்துவிட்டால், பாவம், சார் பேரனோடு கேரம் ஆட வேண்டியதுதான்.

ஏரியா சபை வந்த பிறகு அவருக்கு மேடையும் கிடைத்தது. மூன்று லட்சம் மக்கள்தொகையைத் தொட்ட நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது. வார்டு குழுவுக்கும் அதற்குக் கீழே மக்கள் கூடும் ஏரியா சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022இல். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, சபைகள் கூடின. கிராம சபைக்கு நகரத்துத் தம்பி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மைக், டீ, சமோசா. கவுன்சிலர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே கட்சிக்காரர்கள், அழைத்து வரப்பட்டவர்கள், பிறகு சார். தெருக்காரர்கள்? சீரியல் நேரம்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம்" என்று மைக்கைப் பிடிப்பார். அது மழைநீர் வடிகாலில் தொடங்கி, கொசு மருந்தில் வளைந்து, 1998இன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் போய் நிற்கும். பொறியாளர் குறிப்பெடுப்பதுபோல் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். சமோசா ஆறிவிடும்.

அதே சார்தான் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். பராமரிப்புப் பணம் மாதாமாதம் தவறாமல் வசூலாகிறது. கணக்கு மட்டும் மூன்று வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் மாடி அக்கா ஒருநாள் லிஃப்ட்டில் மடக்கினார்.

"சார், பெயின்ட் அடிச்ச பில்லை ஒரு தடவை காட்டலாமே?"

"ஆர்.டி.ஐ. பொது அதிகார அமைப்புக்குத்தாம்மா. சங்கத்துக்குப் பொருந்தாது" என்றார் சார், லிஃப்ட் கதவை மூடியபடி.

சட்டப்படி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த அக்கா ஏரியா சபைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்பதும் உண்மை. அடுத்த தடவை உங்கள் தெருவில் சபை கூடினால் நீங்களும் போய் முன் வரிசையில் உட்காருங்கள். சாரிடமிருந்து மைக்கை வாங்க வேறு வழியில்லை.