தாம்பரம் வட்டார ஜாக்கியியல்: ஒரு முன்னாய்வு

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், மடிப்பாக்கம், வேளச்சேரி ஆகிய பகுதிகளில் காணப்படும் கான்கிரீட் வீடுகள் நகராத இனத்தைச் சேர்ந்தவை என்றே அறிஞர் உலகம் இதுவரை நம்பி வந்துள்ளது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவை நகர்கின்றன. திசை: மேல்நோக்கி. தொலைவு: தலைமுறைக்கு மூன்று நான்கு அடி.

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் என்றொரு சக்கர வீடு உண்டு. அதை மேடுபள்ளமான இடத்தில் நிறுத்தினால் கட்டிலில் படுத்தவர் உருளுவார். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. எனவே வண்டிக்கு அடியிலேயே ஹைட்ராலிக் ஜாக்கிகள் பொருத்தியிருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் வீடு மட்டமாகிவிடும். நம் வட்டார வீட்டுக்குச் சக்கரம் கிடையாது. ஆயினும் ஜாக்கி தேவைப்படுகிறது. காரணம், இங்கே வீடு நிற்கிறது, ரோடு ஏறுகிறது.

இந்த ஏற்றத்தை அளக்க நாம் முன்மொழிவது ‘கேட் காலக்கணிப்பு முறை’. வீடு கட்டிய புதிதில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்குப் போவார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போடப்போட, படிகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு இரும்புக் கேட் தரையில் உரசும். வெல்டரைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தில் நாலு விரற்கடை வெட்டுவார்கள். அடுத்த தார், அடுத்த வெட்டு. கடைசியில் வீட்டுக்குள் இறங்கப் படி கட்டுவார்கள். வெட்டுத் தழும்புகளை எண்ணினால் அந்தத் தெரு எத்தனை தேர்தலைக் கண்டது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். கல்வெட்டுத் துறையினர் இதைக் கவனிக்க வேண்டும்.

படி இறங்கும் வீட்டுக்குள் மனிதருக்கு முன்னால் மழை இறங்கும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் விசாரிக்காமலே புகுந்தது. அதற்கு முன்பே இங்கே வீடு தூக்கும் தொழில் உண்டு. அதற்குப் பிறகு அது தேவையாகிவிட்டது. ஹரியானாவிலிருந்து இந்த வேலை தெரிந்த குழுக்கள் வந்து இறங்கின.

செய்முறை வருமாறு. சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, இரும்புச் சட்டம் செருகி, அதற்கடியில் ஜாக்கிகளை நெருக்கி வைப்பார்கள். நடுத்தர வீட்டுக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். மோட்டார்ஹோமில் இருப்பது எண்ணெய் ஜாக்கி. பாரம் நாள்கணக்கில் நின்றால் அது மெல்ல இறங்கக்கூடும். இவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் திருகு ஜாக்கி. சுற்றிவிட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே அளவு திருக வேண்டும். ஒருவர் ஆர்வக்கோளாறில் கூடுதலாகத் திருகினால் ஹாலில் விரிசல் ஓடும். ரசமட்டம் பார்த்து, மறுபடி திருகி, இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டி, வீடு அங்குலம் அங்குலமாக எழும். மாடியில் குடும்பம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இது நடப்பதும் உண்டு.

இதற்கு முன்னோர் உண்டா எனில், சிகாகோ. அந்த ஊர் தாழ்நிலம், சாக்கடை ஓடவில்லை. தெருவை உயர்த்தினார்கள், கட்டடங்கள் பள்ளத்தில் மாட்டின. 1860-இல் லேக் தெருவில் ஒரு முழுக் கடைவரிசையை 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் தூக்கினார்கள். அந்த வேலை எடுத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் புல்மன் பின்னாளில் படுக்கை வசதி ரயில்பெட்டி செய்து பெரும் பணக்காரரானார். வீட்டைத் தூக்கியவர் அதற்குச் சக்கரமும் மாட்டிவிட்டார் என்க. ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது: சிகாகோவில் முதலில் சாக்கடைக் குழாய் போட்டு, அதை மூடத்தான் தெருவை உயர்த்தினார்கள். நாம் முதலில் தெருவை உயர்த்துகிறோம். குழாய் பதிக்கப் பிறகு தோண்டிக்கொள்ளலாம் என்பது நம் கோட்பாடு.

எஞ்சிய சிக்கல் ஒன்று. ஒரு வீடு நாலடி எழுந்தால், தெருத் தண்ணீர் எழாத பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் தூக்குவார், இவரைவிட அரையடி கூடுதலாக. இருவரும் மட்டமான பின் ரோடு மறுபடி வரும். ஆக, இந்த வட்டாரத்தில் ‘மட்டம்’ என்பது இரண்டு தார்களுக்கு இடைப்பட்ட காலத்தைக் குறிக்கும்.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதே ஆண்டு தாம்பரம் மாநகராட்சியும் ஆனது. எனவே உங்கள் தெருவுக்குத் தார் லாரி வந்தால், முன்னால் சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஜாக்கிக்காரர் நம்பரைத் தேடாதீர்கள். கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் வீட்டுக்கு எத்தனை படி என்பதையும் அப்படியே எண்ணிவிட்டு வாருங்கள்.